தைப்பது தாராவி, பில் போடுவது வேறு யாரோ! மாநகராட்சி காண்டிராக்டை சிறு தொழில்காரர் பிடிப்பது எப்படி?

ஜூன் மாதம் வந்தால் மும்பையில் மழையும் பள்ளிக்கூடமும் சேர்ந்தே தொடங்கும். மாநகராட்சிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்குப் புத்தகப் பை, சீருடை, காலணி, நோட்டு, தண்ணீர் பாட்டில், சாப்பாட்டு டப்பா என்று 27 பொருள்கள் இலவசமாகக் கொடுக்கப்படுகின்றன. தமிழ் வழிப் பள்ளிக்குப் போகும் தாராவிப் பிள்ளைக்கும் அதே பைதான்.

அந்தப் பையை தாராவியில் பத்து தையல் மிஷின் வைத்திருக்கும் ஒருவர் கையில் கொடுத்துப் பாருங்கள். உள்ளே விரலை விட்டுத் தையலைப் பார்ப்பார். பட்டையை இழுத்துப் பார்ப்பார். "இதை நாம தைக்க மாட்டோமா?" என்பார்.

தைப்பார். ஒருவேளை ஏற்கனவே தைத்தும் இருப்பார். பெரிய ஆர்டர் எடுத்தவர்கள் வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, பீசுக்கு இத்தனை ரூபாய் என்று தாராவிச் சந்துகளுக்கு அனுப்புவது புதிய சங்கதி அல்ல. உழைப்பு இங்கே; பில் புத்தகம் வேறு எங்கோ. இரண்டுக்கும் நடுவில் இருப்பதற்குப் பெயர்தான் டெண்டர்.

மும்பை மாநகராட்சியின் 2025-26ஆம் ஆண்டு பட்ஜெட் ரூ.74 ஆயிரத்து 427 கோடி. சாலையும் பாலமும் பெரிய கம்பெனிகளுக்குத்தான் போகும். அதில் சண்டை இல்லை. ஆனால் பள்ளிக்கூட பெஞ்சு ரிப்பேர், ஆஸ்பத்திரித் திரைச்சீலை, அச்சடித்த பாரம், பெயர்ப்பலகை, வெள்ளையடிப்பு, குழாய் வேலை, பூச்சி மருந்து அடிப்பு என்று சிறிய வேலைகளும் இருக்கின்றன. சயான் ஆஸ்பத்திரியும் மாநகராட்சியுடையதுதான். தாராவியில் இருந்து நடந்தே போய்விடலாம். ஆனால் அதன் டெண்டர் தாளுக்குள் நுழைவதுதான் பலருக்குப் பெரிய தூரமாக இருக்கிறது.

எங்கே தேடுவது?

மராத்தியில் டெண்டருக்கு 'நிவிதா' என்று பெயர். முன்பணமாகக் கட்டும் டெபாசிட்டுக்கு 'அனாமத் ரக்கம்'. இந்த இரண்டு சொற்களையும் தெரிந்துகொண்டால் மராத்திப் பத்திரிகையில் கண் தானாக நிற்கும். அறிவிப்பின் விவரம் மாநகராட்சியின் இணையதளத்திலும், மகாராஷ்டிர அரசின் 'மகாடெண்டர்ஸ்' தளத்திலும் கிடைக்கும். மத்திய அரசு 2016இல் தொடங்கிய 'ஜெம்' என்ற இணையச் சந்தையிலும் உள்ளாட்சி அமைப்புகள் பொருள் வாங்கலாம்.

முதல் டெண்டரே பள்ளிப் பை டெண்டராக இருக்க வேண்டும் என்று ஆசைப்படக் கூடாது. அந்த அளவு டெண்டர்களில் 'கடந்த மூன்று ஆண்டுகளில் இத்தனை கோடி விற்பனை', 'இதே போன்ற வேலையை அரசு அலுவலகத்துக்குச் செய்த அனுபவம்' என்று நிபந்தனைகள் இருக்கும். பத்து மிஷின்காரர் அந்த வாசலைத் தாண்ட முடியாது. வார்டு ஆபீஸ் வேலைதான் முதல் படி. தாராவிக்கு அது தாதரில் உள்ள 'ஜி வடக்கு' வார்டு ஆபீஸ். அங்கே கேட்கும் சிறிய கொட்டேஷனைக் கொடுத்து, வேலையை முடித்து, முடித்ததற்கு ஒரு சர்டிபிகேட் வாங்கி வைக்க வேண்டும். அந்தக் காகிதம் அடுத்த டெண்டரில் பணத்துக்குச் சமம். சொசைட்டி கட்டடத்துக்கு எத்தனை அழகாக வேலை செய்திருந்தாலும், பல டெண்டர்களில் அது அனுபவக் கணக்கில் வராது.

கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

பான் கார்டு, ஜி.எஸ்.டி. எண், தொழிலின் பெயரிலேயே நடப்புக் கணக்கு, வருமான வரிக் கணக்கு, கணக்குத் தணிக்கையாளர் கையெழுத்திட்ட விற்பனை விவரம், பாங்கி கொடுக்கும் 'சால்வென்சி' சான்று. மும்பைக்காரர்கள் 'குமாஸ்தா லைசென்ஸ்' என்று அழைக்கும் கடைப் பதிவும் வேண்டும். 2017ஆம் ஆண்டு மகாராஷ்டிரச் சட்டத்துக்குப் பிறகு, குறைந்த ஆட்கள் வேலை செய்யும் சிறு கடைகளுக்குத் தகவல் கொடுத்த ரசீதே போதும். ஆனால் ரசீது இருக்க வேண்டும்.

இ-டெண்டருக்கு டிஜிட்டல் கையெழுத்துச் சாவி அவசியம். பென்சில் முனை போன்ற சிறு கருவி. கம்ப்யூட்டரில் செருகி, ரகசிய எண்ணைத் தட்டினால் உரிமையாளர் கையெழுத்துப் போட்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். 2021 ஜனவரி முதல் மூன்றாம் வகுப்புச் சாவிதான் வழங்கப்படுகிறது. இந்தச் சாவியைப் பற்றிப் பின்னால் இன்னொரு சங்கதி வருகிறது.

எல்லாக் காகிதத்திலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பான் கார்டில் அப்பா பெயர் முன்னால், பாங்கியில் பின்னால், ஆதாரில் வெறும் இனிஷியல். தமிழர்களுக்கு இது வீட்டுக்கு வீடு உள்ள தொல்லை. குமாஸ்தா வேலையில் இருப்பவர்களுக்கு இது எத்தனை தூரம் போகும் என்று தெரியும். தொழில் நடத்தும் உறவினருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அவர்கள் இதைச் சரிபார்த்துக் கொடுத்தால் அது பெரிய உதவி.

மூன்று உறைகள்

மும்பை மாநகராட்சி டெண்டர்களில் ஏ, பி, சி என்று மூன்று 'பாக்கெட்' உண்டு. முன்பு காகித உறைகள். இப்போது கம்ப்யூட்டர் உறைகள். டெபாசிட், அடிப்படைச் சான்றுகள் முதல் இரண்டில் போகும். தகுதி, அனுபவம், மிஷின், ஆள் பலம் எல்லாம் அவற்றிலேயே எடை போடப்படும். விலை மட்டும் மூன்றாவதில். முன் உறைகளில் தேறாதவரின் விலை உறையைத் திறக்கவே மாட்டார்கள். ஆகவே, 'நம்ம ரேட்தான் எல்லாரையும் விடக் குறைச்சல், ஆனாலும் கிடைக்கவில்லை' என்று புலம்புகிறவர், தன் ரேட்டை அதிகாரிகள் பார்த்தார்களா என்றே முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

டெண்டருக்கு முன் சந்தேகம் கேட்பதற்கென்று கூட்டம் வைப்பது உண்டு. போகாமல் இருக்கக் கூடாது. மராத்தியோ இந்தியோ தடுமாறினால், கேள்வியைத் தாளில் எழுதிக் கொடுத்துவிடலாம். ஒரு நிபந்தனை சிறியவர்களை அநியாயமாக வெளியே தள்ளுகிறது என்றால் சொல்ல வேண்டிய இடம் அதுதான். டெண்டர் திறந்த பிறகு சொன்னால் தோற்றவன் பேச்சாகிவிடும்.

உத்யம் சான்று: செய்வதும் செய்யாததும்

சிறு தொழில்களுக்கு 2020 ஜூலை முதல் 'உத்யம்' பதிவு நடைமுறையில் இருக்கிறது. ஆதார், பான் இருந்தால் இணையத்தில் இலவசமாகவே பதியலாம். ஆயிரம், இரண்டாயிரம் என்று கேட்பவர் ஏஜெண்டு, அரசு அல்ல.

இந்தச் சான்று கையில் இருந்தால் டெபாசிட் கட்ட வேண்டாம் என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. பாதிதான் உண்மை. 2012ஆம் ஆண்டுக் கொள்முதல் உத்தரவு மத்திய அரசு இலாகாக்களுக்கும், மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களுக்கும் உரியது. அவை தங்கள் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும். அதற்குள் 4 சதவீதம் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் நடத்தும் தொழில்களுக்கு. 3 சதவீதம் பெண்கள் நடத்துபவைக்கு. டெண்டர் தாள் இலவசம், டெபாசிட்டும் கிடையாது. மாநகராட்சி மத்திய அரசு அல்ல. அதன் டெண்டர் தாளில் சலுகை என்று எழுதியிருந்தால் உண்டு. இல்லாவிட்டால் பணத்தைக் கட்டித்தான் ஆக வேண்டும். சான்றை மட்டும் செருகிவிட்டு டெபாசிட் கட்டாமல் விட்டால் முதல் உறையிலேயே தள்ளுபடி.

ஆகவே கையில் பணம் குறைவாக உள்ளவர், மாநகராட்சியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. சர்ச்கேட்டிலும் சி.எஸ்.எம்.டி.யிலும் ரெயில்வே தலைமையகங்கள், மஸ்காவில் மஸ்காவ் கப்பல் கட்டும் தளம், செம்பூரில் ஆர்.சி.எப். உரத் தொழிற்சாலை ஆகியவை இதே ஊரில் இருக்கின்றன. அங்கே அந்த 2012ஆம் ஆண்டு உத்தரவு செல்லும். இன்னொன்று: இந்தச் சலுகைகள் பொருளைச் செய்பவருக்கும், சேவை அளிப்பவருக்கும்தான். வாங்கி விற்கும் வியாபாரி உத்யத்தில் பதியலாம். பாங்கிக் கடனுக்கு உதவும். டெண்டர் சலுகைக்கு உதவாது.

என்ன ரேட் போடுவது?

போன தடவை இதே வேலை என்ன விலைக்குப் போனது என்று தெரியாமல் ரேட் போடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு கல்லெறிவது போல. தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு கொடுத்தால் 30 நாளில் பதில் தர வேண்டும். வென்றவர் ரேட் என்ன, தோற்றவர்கள் ரேட் என்ன, பில் எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது, பணம் எந்தத் தேதியில் போனது என்று கேட்க வேண்டும். கடைசி இரண்டு கேள்விகளையும் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. விலையை விட அவைதான் முக்கியம்.

ரேட்டில் ஜி.எஸ்.டி. சேர்த்தா, சேர்க்காமலா என்பதைத் தாளில் இரண்டு முறை படிக்க வேண்டும். வரியோடு சேர்த்துக் கேட்டிருக்கும் இடத்தில் வரி நீங்கலாக எழுதிவிட்டால் லாபம் முழுவதும் அதிலேயே போகும். மதிப்பீட்டுக்கு மிகவும் கீழே இறங்கி ரேட் போட்டால் கூடுதல் டெபாசிட் கேட்கும் நிபந்தனையும் பல டெண்டர்களில் உண்டு.

ஜெயித்த பிறகுதான் கஷ்டம்

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2,000 பை, ஒன்று ரூ.400. மொத்தம் ரூ.8 லட்சம், வரி தனி. ஒரு பைக்குத் துணி, ஜிப், பட்டை ரூ.260. தையல் கூலி ரூ.70. வெட்டு, வண்டி வாடகை ரூ.20. ஆக ரூ.350. பைக்கு ரூ.50 மிச்சம், மொத்தத்தில் ஒரு லட்சம் லாபம். வாய்க்கு நன்றாகத்தான் இருக்கிறது.

செலவு 7 லட்சத்தையும் இரண்டு வட்டிக்கு வாங்கினால் மாதம் ரூ.14 ஆயிரம் வட்டி. இரண்டு மாதத்தில் பில் பணம் வந்தால் ரூ.72 ஆயிரம் மிஞ்சும். ஆறு மாதம் ஆனால் ரூ.16 ஆயிரம். எட்டாவது மாதத்தில் ரூ.12 ஆயிரம் கையை விட்டுப் போயிருக்கும். அத்தனைக்கும் பையில் ஒரு குறை இல்லை. ரேட்டில் ஒரு தப்பு இல்லை.

இதோடு முடியவில்லை. பில் போட்ட மாதத்துக்குரிய ஜி.எஸ்.டி.யை, மாநகராட்சி பணம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், அடுத்த மாதம் கட்டியாக வேண்டும். காண்டிராக்ட் தொகை ரூ.2½ லட்சத்தைத் தாண்டினால் பில்லில் 2 சதவீதம் ஜி.எஸ்.டி.க்காகப் பிடித்துக்கொள்வார்கள். அது கணக்கில் வரவாகும், கையில் வராது. வேலை ஒப்பந்தமானால் வருமான வரிக்கும் பிடித்தம் உண்டு. தனிநபர் தொழிலுக்கு 1 சதவீதம். உத்தரவாதக் காலம் முடியும் வரை ஒரு பங்கை நிறுத்தி வைப்பதும் வழக்கம்.

சட்டம் சும்மா இருக்கவில்லை. 2006ஆம் ஆண்டுச் சிறு தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு தொழில்களிடம் பொருள் வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுக்க வேண்டும். ஒப்பந்தத்தில் அதை விட நீண்ட கெடு எழுதியிருந்தாலும் செல்லாது. தாமதமானால் ரிசர்வ் பாங்கியின் 'பாங்க் ரேட்'டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டு வட்டியாக. கொடுக்காவிட்டால் சமரச மன்றமாகிய 'பெசிலிடேஷன் கவுன்சில்' முன் மனுச் செய்யலாம். இதற்காக 2017இல் மத்திய அரசு 'சமாதான்' என்ற இணையதளத்தையும் தொடங்கியது. கவுன்சில் தீர்ப்பை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போகிற வாங்குபவர், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும்.

இதற்கு இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். உத்யம் பதிவு காண்டிராக்டுக்கு முன்பே இருக்க வேண்டும். பதியாமல் ஒப்பந்தம் செய்துவிட்டுப் பிறகு பதிந்தவர், பழைய பில்லுக்குச் சலுகை கேட்க முடியாது என்று 2021இல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. இரண்டாவது, பொருளை இறக்கிய அன்றே சலானில் பெயர், தேதி, முத்திரையோடு கையெழுத்து வாங்க வேண்டும். 15 நாளுக்குள் எழுத்து மூலம் குறை சொல்லாவிட்டால், இறக்கிய நாளே ஏற்றுக்கொண்ட நாள் என்று சட்டம் கணக்கிடும். "நாளைக்கு சாகேப் வந்து போடுவார்" என்று ஸ்டோர்க்காரர் சொன்னால், நாளைக்கே திரும்பப் போய் நிற்க வேண்டும்.

கட்டட வேலை, சாலை வேலை போன்ற ஒப்பந்தங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று பம்பாய் ஐகோர்ட்டு கூறியிருக்கிறது. அந்த வேலை எடுப்பவர்கள் 45 நாளை நம்பிக் கடன் வாங்கக் கூடாது.

வாங்கியே தீர வேண்டிய பாக்கியைச் சட்டப்படி கேட்டால் அடுத்த டெண்டர் கிடைக்காதோ என்ற பயம் பலருக்கு உண்டு. பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அதனால்தான், பணம் ஆறு மாதம் வராமல் போனாலும் குடும்பம் நிற்குமா என்பதை டெண்டருக்கு முன்பே மனைவியோடு உட்கார்ந்து பேசிவிட வேண்டும்.

"சும்மா ஒரு டெண்டர் போடுங்க, அண்ணாச்சி"

இனி அந்தச் சாவி விவகாரம். ஒருநாள் சாயங்காலம் தெரிந்தவர் ஒருவர் கடைக்கு வருவார். டீ வாங்கிக் கொடுப்பார்.

"அண்ணாச்சி, ஒரு டெண்டர் போடணும். உங்க லெட்டர்பேடும் அந்தச் சாவியும் ரெண்டு நாளைக்குக் கொடுங்க. மத்ததை நாங்க பாத்துக்கிடுதோம். அஞ்சாயிரம் தாரோம்."

மூன்று பேராவது போட்டியில் இருந்தால்தான் டெண்டர் செல்லும் என்ற நிலையில், ஒருவரே தன் ஆட்கள் பெயரில் இரண்டு உயர்ந்த ரேட்டைப் போட வைப்பதுதான் இது. அண்ணாச்சிக்கு ஐயாயிரம். வேலை அவருக்கு.

பக்கத்துப் புனாவில் நடந்ததைக் கேட்க வேண்டும். அங்கே மாநகராட்சியின் குப்பை பதப்படுத்தும் நிலையங்களுக்கான டெண்டர்களில் இப்படிக் கூட்டுச் சதி நடந்ததாகக் குடிமக்கள் அமைப்பு ஒன்று புகார் செய்தது. இந்தியப் போட்டி ஆணையம் விசாரித்தது. போட்டி போட்டதாகச் சொன்னவர்களின் டெண்டர்கள் ஒரே இணைய முகவரியில் இருந்து போயிருந்தது சாட்சியங்களில் ஒன்று. 2018இல் ஆணையம் அபராதம் விதித்தது. வென்றவருக்கு மட்டும் அல்ல. துணைக்குப் பெயர் கொடுத்த நிறுவனங்களுக்கும், அவற்றை நடத்தியவர்களுக்கும் சேர்த்து. பெயர் மட்டும்தான் கொடுத்தேன் என்பது அங்கே எடுபடவில்லை.

லஞ்சத்திலும் சட்டம் மாறியிருக்கிறது. 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, கொடுப்பவருக்கும் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. கட்டாயப்படுத்தப்பட்டுக் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் போலீசிலோ லஞ்ச ஒழிப்புத் துறையிலோ சொல்லிவிட்டால் தப்பலாம். மகாராஷ்டிர லஞ்ச ஒழிப்புத் துறையின் இலவசத் தொலைபேசி எண் 1064.

தனியாக முடியாவிட்டால்

அதே புனாவில் இன்னொரு கதையும் இருக்கிறது. குப்பை பொறுக்குபவர்கள் 1993இல் சங்கம் அமைத்தார்கள். பிறகு 'ஸ்வச்' என்ற கூட்டுறவாகப் பதிந்து, 2008இல் புனா மாநகராட்சியுடன் ஒப்பந்தம் செய்தார்கள். வீடு வீடாகக் குப்பை எடுப்பது அவர்கள் வேலை. வீட்டுக்காரர்கள் மாதக் கட்டணம் கொடுப்பார்கள். பிரித்தெடுக்கும் பழைய காகிதமும் பிளாஸ்டிக்கும் அவர்களுக்கே. நேற்று வரை தெருவில் விரட்டப்பட்டவர்கள், மாநகராட்சியின் ஒப்பந்தக்காரர்கள் ஆனார்கள். ஒப்பந்தம் முடியும் போதெல்லாம் புதுப்பிக்கப் போராட வேண்டியிருந்தது என்பதும் உண்மை. ஆனால் போராடக் கையில் ஒரு காகிதம் இருந்தது.

மும்பையில் பள்ளி மதிய உணவு சமைத்துக் கொடுக்கும் வேலையை மகளிர் குழுக்கள் எடுத்துச் செய்திருக்கின்றன. தாராவியில் விடிவதற்கு முன் இட்லி அவித்து ஊர் முழுவதும் விற்கும் பெண்களும் குடும்பங்களும் எத்தனையோ. பத்து மிஷின்காரர்கள் ஆறு பேர் கூட்டுறவாகவோ கூட்டு நிறுவனமாகவோ பதிந்தால் அறுபது மிஷின். விற்பனைக் கணக்கும் அதற்கேற்ப உயரும். யார் பெயர் முன்னால் வருவது என்ற தகராறில்தான் இந்த யோசனை பெரும்பாலும் டீக்கடையோடு முடிந்துவிடுகிறது.

வேலை முடிந்து பணமும் வந்த பிறகு ஒன்று பாக்கி இருக்கும்: டெபாசிட். உத்தரவாதக் காலம் முடிந்ததும் அது தானாக வீட்டுக்கு வராது. ரசீது நகலோடு மனுக் கொடுக்க வேண்டும். அந்த மனுவை எந்தத் தேதியில் கொடுக்கலாம் என்று, டெபாசிட் கட்டிய அன்றே சுவர்க் காலண்டருக்குப் பின்னால் எழுதி வைப்பவர்கள் இருக்கிறார்கள். காலண்டர் வருஷத்துக்கு ஒரு முறை மாறும். ரசீதின் மேலேயே எழுதி, டிரங்குப் பெட்டிக்குள் வைப்பது நல்லது.